முதல் பாட்டில்

"கிட்னியில கோளாறுன்னு போன்ல கூலா சொல்லிட்டீங்க! நல்லா இருக்கிறவங்கதான் இந்த ஆராய்ச்சிக்கு வேணும்னு கூப்பிட்டு, ரத்தக் குழாயை விரிக்கிற மாத்திரையைக் கொடுத்து, என்னைக் கெடுத்துட்டீங்களே டாக்டர்!" யுகேந்திரன் மேசையைத் தட்டினான்.

"கத்தாதீங்கலா, அவங்க பேசட்டும்" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி தாரா. போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய செருப்பு அதற்குள் இறுக்குகிறது என்று கழற்றி வைத்திருந்தாள்.

டாக்டர் விஷ்ணுப்ரியா குழப்பத்தோடு நிமிர்ந்தார்.

"மாத்திரை சாப்பிட்ட பிறகு நீங்க கொடுத்த சிறுநீர் சுத்தமா இருக்கு, மிஸ்டர் யுகேந்திரன். மாத்திரைக்கு முந்தி கொண்டு வந்தீங்களே, அந்த முதல் பாட்டில்லதான் புரதம் அவ்வளவு ஒழுகியிருக்கு. கிட்னி ரொம்பக் கெட்டவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

யுகேந்திரன் தாராவின் பக்கம் திரும்பினான்.

அந்த முதல் பாட்டிலைக் கொடுக்க வேண்டிய நாள் காலை, கிள்ளானில் வீட்டை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் அவன் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான். "இதுக்குப் போய் இன்னொரு நாள் லீவா? நானும் நல்லாத்தானே இருக்கேன், கொடுங்க" என்று சிரித்தபடி அதை நிரப்பித் தந்தவள் தாரா.

அவன் மெல்லக் குனிந்து, செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்த அவள் பாதங்களைப் பார்த்தான்.

தாராவும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.