ஒரே வரி, ஒரே தப்பு

“தப்பு! தப்பு! மண்டு!”

காலிங் பெல்லை அழுத்தப் போன தெரபிஸ்ட் கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே இன்றைக்கும் அர்ச்சனை ஆரம்பமாகிவிட்டது.

பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு பிரெஞ்சு வாத்தியாருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க, ஆறு வாரமாக அவள் இந்த வீட்டுக்கு வந்து போகிறாள். சாவி, சீப்பு, குடை என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அவர் சுவரைப் பார்ப்பார். உங்க பேர் என்ன சார் என்று கேட்டால்கூட உதட்டை இறுக்கிக்கொள்வார். ஆனால் பெண்டாட்டியைத் திட்ட மட்டும் அந்த நாக்குக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ!

‘இந்த ஆம்பிளைங்களே இப்படித்தான்’ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு போனாள். சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அந்த அம்மாள் பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி ஆசை, பயம், சந்தேகம் என்று மனசு படும் பாட்டைச் சொல்ல, அந்த மொழியில் வினைச்சொல்லுக்குத் தனியாக ஒரு வேஷம் உண்டாம். ‘முடித்தது’, ‘பார்த்தது’ எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தன. ‘வந்தது’ என்ற வரிக்கு மட்டும் நடுவில் ‘ஸ்வா’ என்று வேறு துணைச்சொல் வர வேண்டுமாம்; அங்கே வண்டி கவிழ்ந்தது.

“கெ ஜெ வெனு...”

“இல்ல!” எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியார் இடது கையால் மேஜையில் ஓர் அடி அடித்தார். “ஸ்வா! கெ... ஜ... ஸ்வா... வெனு!”

“மறந்து மறந்து போயிடுதுங்க.”

“நேத்தும்... இதே... தப்பு! மூளை... இருக்கா?”

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வாரமாக அதே வரி, அதே தப்பு, அதே திட்டு.

தெரபிஸ்டுக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப் போனாள்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இந்தப் பாடத்தை இன்னியோட மூட்டை கட்டுங்க. வாத்தியாருக்கு வாக்கப்பட்டா பிரெஞ்சு படிச்சே ஆகணுமா என்ன? இந்த வயசுல இவ்வளவு பேச்சு வாங்கணும்னு உங்க தலையெழுத்தா? நீங்க சொல்றீங்களா, இல்ல நானே அவர்கிட்ட நாலு வார்த்தை கேட்கட்டுமா?”

“ஐயையோ, காரியத்தைக் கெடுத்துடாதீங்க!” அந்த அம்மாள் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். “நானும் அவரும் ஒரே காலேஜ், ஒரே கிளாஸ். பிரெஞ்சுல நான் முதல், அவர் ரெண்டாவது. முப்பது வருஷம் நானும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்தத் தப்பைப் பண்ணதுக்கு எத்தனை பேரை பெஞ்சு மேல நிக்க வச்சிருக்கேன் தெரியுமா?”

தெரபிஸ்டுக்கு ஒன்றும் ஓடவில்லை. “அப்புறம் எதுக்கும்மா இதெல்லாம்?”

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ஒரு மாசம் ஒத்த வார்த்தை பேசலை. ஒருநாள் அவருக்குக் கேட்கட்டும்னு பழைய பாடத்தைச் சத்தமா படிச்சேன். ஏதோ ஞாபகத்துல இந்த வரியைத் தப்பா சொல்லிட்டேன். படுத்திருந்த மனுஷன் ‘ஸ்வா’ன்னு கத்தினார் பாருங்க! எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அன்னிலேருந்து தினமும் ஒரு தடவை மண்டு ஆயிடறேன். முதல்ல ‘ஸ்வா’ மட்டும்தான் வந்துச்சு. இப்ப ‘மூளை இருக்கா’ன்னு முழுசா கேட்கறாருல்ல?”

அதைச் சொல்லும்போது அந்த அம்மாளுக்குப் பெருமையில் முகம் பூரித்துப்போனது.

“திட்டட்டுமே. திட்டறதுக்கும் வார்த்தை வேணும்ல?”

‘நோயாளியின் பேச்சில் நல்ல முன்னேற்றம், பட அட்டைகளே காரணம்’ என்று போன வாரம்தான் தெரபிஸ்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கையிலிருந்த அட்டைப் பெட்டியை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

“நீங்க போய் ஆரம்பிங்க. நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்” என்றார் அந்த அம்மாள். “அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. வயசாகி எனக்கு நிஜமாவே மறந்துபோச்சுன்னு நினைச்சுட்டிருக்கார். தெரிஞ்சா ரோஷத்துல வாயே திறக்க மாட்டார்.”

தெரபிஸ்ட் வாத்தியாருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். பாவம், கெட்டிக்கார மனுஷன், இப்படி ஏமாந்துகொண்டிருக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பாகக்கூட இருந்தது. வழக்கம்போல ஓர் அட்டையை நீட்டினாள். அவர் அதை இடது கையால் ஒதுக்கிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு அவள் பக்கம் சாய்ந்தார்.

“அவ... காலேஜ்ல... ஃபர்ஸ்ட்.”

ஆறு வாரத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

“நான்... செகண்ட்.” இரண்டு விரலைக் காட்டினார். கோணிய வாயில் தாங்க முடியாத பெருமை. “அவளுக்கு... தப்பே... வராது.”

தெரபிஸ்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சார்! அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமா? தெரிஞ்சுமா அவங்களைத் தினமும் இந்தத் திட்டு திட்டறீங்க?”

அவர் இன்னொரு தரம் சமையலறையைப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தார்.

“திட்டினாத்தான்... அன்னிக்கு... அழாம... தூங்கறா.”