மருமகளுக்கு ஊற்றிய தேநீர்

"திருட்டுத் தீனி டாக்டரம்மா! வேற ஒண்ணுமில்ல. மூணு வருஷம் முன்னாடி விறகுக் குச்சியா வந்தவ. இப்ப மூஞ்சியைப் பாருங்க, தந்தூர் ரொட்டி கணக்கா!"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இனோபத் வழக்கை ஆரம்பித்துவிட்டாள்.

மருமகள் முஹய்யோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணி மூட்டை.

"மூட்டை எதுக்கு?" என்றார் டாக்டர் ஸரிஃபா.

"நோய் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கேர்ந்தே மார்கிலானுக்கு, அவ அப்பன் வீட்டுக்கு பஸ் ஏத்திடறேன். முற்றம் பெருக்கறதுக்குள்ள நாலு தடவை உட்கார்றா. வயித்துல புள்ளையும் இல்ல. என் மகன் வாயில்லாப் பூச்சி, ஒண்ணும் கேக்க மாட்டான்."

"என்ன சாப்பிடறே?" டாக்டர் முஹய்யோவைக் கேட்டார்.

பதில் இனோபத்திடமிருந்து வந்தது.

"புலாவ் அண்டாவே அவ கையிலதான் இருக்கு. எவ்வளவு உள்ள போகுதோ யார் கண்டா? நான் ஒண்ணும் கொடுமைக்காரி இல்லம்மா. எந்த மாமியார் மருமகளுக்கு டீ ஊத்திக் கொடுப்பா? நான் தினம் காலையில என் கையால கொடுக்கறேன். தெருவுல கேட்டுப் பாருங்க!"

அது உண்மைதான். மருமகள் நின்றுகொண்டே எல்லோருக்கும் ஊற்றித் தருகிற ஊர் அது. இனோபத் செய்ததைத் தெருவே மெச்சியது.

டாக்டர் முஹய்யோவின் சட்டைக் கையை மேலே தள்ளினார். மெலிந்த கை முழுக்க நீலமாகக் கன்றியிருந்தது.

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்லக்கா. கதவுல லேசா பட்டாலே இப்படி ஆயிடுது."

போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் இரண்டு முறை படித்தார்.

"இது தீனி இல்லம்மா, நோய். கார்ட்டிசால்னு உடம்புல ஒரு ஹார்மோன் சுரக்குது. அது மிஞ்சினா முகம் ஊதும், வயிறு தள்ளும், கைகால் சூம்பும், மாதவிலக்கு நிக்கும். ஆனா இவ உடம்பு அதைச் சுரக்கவே இல்ல. அதே வேலையைச் செய்யற ஸ்டீராய்டு எங்கேர்ந்தோ உள்ள போகுது. என்ன மாத்திரை சாப்பிடறே?"

"நான் எதுவும் வாங்கிச் சாப்பிட்டதில்லக்கா."

"சந்தையில பொடி விக்கறானே, உடம்பு தேறும், கரு தங்கும்னு? மூலிகைன்னு சொல்லி இந்த மருந்தைக் கலந்துடறாங்க."

இனோபத்தின் கை, மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தது.

"பேரப்புள்ளைக்காகத்தான்... கடைக்காரன் சத்தியம் பண்ணினான். டீயில ஒரு சிட்டிகை... ரெண்டு வருஷமா..."

"அந்தப் பொடிதாம்மா கருவே தங்க விடாம பண்ணியிருக்கு."

இனோபத் தலை கவிழ்ந்தாள். டாக்டர் களைத்த முகத்தோடு மருந்துச்சீட்டை இழுத்தார். அந்த மாதத்தில் இப்படிப் பொடி தின்று அவரிடம் வந்த நாலாவது மருமகள் இவள்.

"ஒரேயடியா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. பொடிக்குப் பதிலா அளந்து மாத்திரை தரேன். கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். மாசக்கணக்காகும்."

எழுதி முடித்து முஹய்யோவை நிமிர்ந்து பார்த்தார்.

"டீ கசந்திருக்குமே. உனக்குத் தெரியலையா?"

"கசந்துச்சு. அத்தை எதையோ கலக்கறாங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சே?"

முஹய்யோ மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்த வீட்டுல ஒன்பது பேருக்கு நான் டீ ஊத்தறேன்க்கா. எனக்குன்னு ஒருத்தங்க ஊத்திக் கொடுத்தது அந்த ஒரு கோப்பைதான்."