அக்காவின் உதவி

தன் உடம்பே தன்னைத் தின்னும் வியாதி, மூட்டுகளை முடித்துவிட்டு இப்போது அவளது நுரையீரலுக்கு வந்திருந்தது. "அபூர்வமா யாருக்கோதான் இப்படி ஆகும்," என்றார் டாக்டர். அக்காவுக்கும் ஆனது, போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். இன்றைய சோதனையில் மூச்சு குறைந்திருந்தால்தான் புது மருந்து தருவார்கள்.

குழாயைக் கவ்வி ஊதினாள். பாதியிலேயே மூச்சு அறுந்தது. வாயை எடுத்துவிட்டாள். திரையில் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"அடேங்கப்பா! நீங்க பலூன் கடையே வைக்கலாம்க்கா," என்றாள் சோதனை செய்யும் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்கு எதுக்கு மருந்து?"

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அவள் பாதியில் விட்ட பலூனையெல்லாம் அக்காதான் ஊதி முடிப்பாள். வீட்டுப்பாடக் கணக்கையும் அக்காவே போட்டுக் கொடுப்பாள். பரீட்சையில் இவள் கோட்டை விடுவாள்.

"இன்னொரு தடவை ஊதுறேன்மா."

அந்தப் பெண் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தாள். இவள் அதை வாயிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி முணுமுணுத்தாள்.

"இதுல மட்டும் உதவாதேக்கா. நான் பிழைக்கணும்."

கோடு ஏறத் தொடங்கியது.