அக்கரை ஓட்டு

"முப்பத்தெட்டாயிரத்து அறுநூத்தம்பது டாலர், கோச். கிறிஸ்துமஸுக்குத் தர்றேன்னீங்க. இப்போ மார்ச்."

சொல்லிவிட்டுத் தச்சர் வெண்டல் குரூகர், கூடைப்பந்துப் பயிற்சியாளரின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் முதுகை மெல்லச் சாய்த்தார். அவருடைய பூட்ஸிலிருந்து பனி உருகி, கல்லூரிச் சின்னம் போட்ட கம்பளத்தில் சொட்டியது. அவரிடம் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு மூன்று வாரச் சம்பளம் பாக்கி.

"என் பொண்டாட்டிக்கு நீ செஞ்சு குடுத்த சமையலறை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, வெண்டல்," என்றார் கோச் ராட்னி பிளெய்ஸ்.

"தெரியும். அதான் டிரில்லை வண்டியிலேயே வெச்சிருக்கேன். இன்னைக்குச் சாயங்காலம் அலமாரி மொத்தத்தையும் கழட்டிட்டுப் போயிடுவேன்."

கோச் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. நம்ம ஜமாரி இந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரன்னு தேர்வானா எனக்கு நாப்பதாயிரம் போனஸ். ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு. வந்ததும் உனக்குத்தான்."

"தேர்வு பண்றது யாரு?"

"நாங்கதான். எங்க தொடர்ல ஆடற பத்துக் கல்லூரி கோச்சுங்க. அவனவன் தன் டீம் பையனுக்கு மட்டும் போட்டுக்கக் கூடாது. அஞ்சு மணிக்குள்ள ஓட்டு போயாகணும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. வெண்டல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ போனை எடுங்க."

கோச் எடுத்தார். "கார்ல்! என் ஜமாரிக்குப் போடுப்பா. உன் நெட்டையனைச் சிறந்த தடுப்பாட்டக்காரன் ஆக்கிடறேன்... தடுக்க மாட்டானா? அதனால என்ன, நிக்கறான்ல? போதும்."

அடுத்த ஆள். "உன் மச்சான் பையனுக்கு முதல் அணியில இடம். சரிதானே?"

"முதல் அணின்னா அஞ்சு பேர்தானே?" என்றார் வெண்டல்.

"போன வருஷம் எட்டாக்கிட்டோம். யார் மனசும் நோகக் கூடாதுல்ல?"

"ஆடறப்ப மூணு பேர் வெளிய நிப்பாங்களா?"

"அந்த அணி எங்க ஆடப்போகுது? சுவத்துல படமாத் தொங்கறதுக்குத்தான்."

வெண்டல் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் தொழிலில், கதவு சரியாக மூடுகிறதா என்று பணம் கொடுப்பவர்தான் பார்ப்பார். கதவு செய்தவர்களே கூடி ஒருவருக்கொருவர் சான்றிதழ் கொடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு இத்தனை வயதில் யாரும் சொல்லித் தரவில்லை.

நாலரை மணிக்கு, கோச்சின் சொந்த ஓட்டை விட்டுவிட்டால், மற்ற எட்டு ஓட்டும் நாலுக்கு நாலாகப் பிரிந்து நின்றன. மிச்சம் ஒரே ஒரு கோச். ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியின் ஹார்லன்.

"அவன்கிட்ட மட்டும் கெஞ்ச மாட்டேன்," என்றார் கோச். "பதினோரு வருஷமா கையே குலுக்கினதில்ல. மூஞ்சியில துப்புவான்."

வெண்டல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "முதல்ல மேல் அலமாரி. அப்புறம் கீழ் அலமாரி."

கோச் எண்களை அழுத்தினார். அறை முழுக்கக் கேட்டது ஹார்லனின் குரல்.

"ராட்னியா? இதெல்லாம் நீ கேக்கணுமா? ஜமாரியை விட்டா வேற யாரு இருக்கா? போட்டாச்சுன்னே வெச்சுக்க."

கோச் போனை நோக்கிக் குனிந்தார். "பதிலுக்கு... உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்னப்பா வேணும்! நல்ல பையன் நல்லா வரணும். அவ்வளவுதான்."

போனை வைத்த கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா வெண்டல்? தப்பா நெனச்சுட்டேன். மனுஷன்யா அவன்."

ஏப்ரலில் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் பாராட்டு விருந்து. வறுத்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு. கோச் மேடையில் ஜமாரியின் தோளை அணைத்துக்கொண்டு, "இவன் இருக்கறவரைக்கும் என் நாற்காலியை எவனும் அசைக்க முடியாது!" என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கீழே இறங்கியதும் நேராக வெண்டலிடம் வந்து காசோலையைக் கொடுத்தார். வெண்டல் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார்.

விருதாகக் கிடைத்த கண்ணாடிக் கோப்பையோடு ஜமாரி வந்து கோச்சைக் கட்டிப்பிடித்தான். "உங்க உதவியை உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன், கோச். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். அடுத்த வருஷம் நான் காலேஜ் மாறி கோச் ஹார்லன்கிட்ட ஆடப்போறேன்."

கோச்சின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. "எப்ப... எப்படா முடிவாச்சு?"

"பிப்ரவரியிலயே பேசிட்டாங்க. ஆனா அவங்க டீமுக்குப் பணம் போடற ஊர்ப் பணக்காரங்க, விருது வாங்கினாதான் எனக்கு எட்டு லட்சம் டாலர், இல்லேன்னா நாலுதான்னு சொல்லிட்டாங்க. 'கவலைப்படாதே, உங்க கோச்சே உனக்காக ஊர் பூரா போன் போடுவாரு'ன்னார் ஹார்லன். போட்டுட்டீங்களே, கோச்!"

கோச்சின் கை தன்னையறியாமல் வெண்டலின் சட்டைப் பையை நோக்கி நீண்டது.

"நம்ம கணக்கு தீர்ந்துச்சு, கோச்," என்று சொல்லி, வெண்டல் பையின் பொத்தானைப் போட்டார்.