பதினோரு வாக்கியம்

“உதட்ட நல்லா குவிய்யா. விசில் அடிக்கப் போற மாதிரி” என்றார் சாமிக்கண்ணு.

கலியமூர்த்தி குவித்தார். முப்பது வருடம் மில்லில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய வாய் அது. வந்ததென்னவோ வெறும் காற்றுதான்.

சாமிக்கண்ணு பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கருவடிக்குப்பத்தில் அந்தத் தெருவுக்கு அவர் ‘சொல்தா’, அதாவது சிப்பாய். அவர் கற்றுக்கொடுத்த பிரெஞ்சும் கொஞ்சம் அணிவகுப்பு மாதிரிதான் இருந்தது. ‘பசிக்கிறதா’ என்று கேட்பதற்குக்கூட நெஞ்சை நிமிர்த்த வேண்டியிருந்தது.

மூன்று மாதமாக இந்தப் பாடம் நடக்கிறது. பிரான்ஸில் இருக்கும் கலியமூர்த்தியின் மகன் இளம்பரிதியும் மருமகள் நிர்மலாவும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், விண்ணப்பம் போட்டு மூன்று வருடம் காத்துக் கிடந்து, கடைசியில் ஐந்து வயதில் ஒரு பேத்தி அமைந்துவிட்டாள்.

படம் கேட்டால் மட்டும் மகன் கையை விரித்துவிட்டான்.

“எல்லா ஆர்டரும் கைக்கு வர்ற வரைக்கும் போட்டோ, பேரு, ஒரு விவரமும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுப்பா. எழுதி வாங்கிக்கிட்டாங்க. டெல்லியில ஒரு கையெழுத்து பாக்கி நிக்குது.”

போனை வைத்ததும் தையல்நாயகி கணவரிடம் கேட்டாள். “டெல்லிக்காரன் எதுக்குங்க கையெழுத்து போடணும்?”

“வெளிநாட்டுப் புள்ள நம்ம நாட்டுக்குள்ள வரணும்னா விசா வேணாமா? உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“அது சரி. அந்தப் புள்ள என்ன நம்ம மாதிரி ஆயான்னு கூப்புடுமா, பிரெஞ்சுல கிரான்மேர்னு கூப்புடுமா?”

“எப்பிடிக் கூப்புட்டா என்னா தையலு, கூப்புட்டா சரி” என்றார் கலியமூர்த்தி. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

விளையாட்டுக்கு அவர் இதில் இறங்கவில்லை. சாமிக்கண்ணுவின் பேரப்பிள்ளைகள் போன கோடைக்கு பாரிஸிலிருந்து வந்திருந்தார்கள். சாமிக்கண்ணு அவர்களோடு பேசிக்கொண்டார். அவர் சம்சாரம்தான் ஒரு மாதமும் கையாலேயே பேசினாள். சோறா, தண்ணியா என்று ஜாடை காட்டிக்காட்டி, பிள்ளைகள் கிளம்பிப் போன அன்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதைப் பார்த்ததிலிருந்து கலியமூர்த்திக்குப் பயம். இத்தனை வருடம் கழித்து வீட்டுக்கு ஒரு பிள்ளை வருகிறது. அது தன்னிடம் ஒட்டாமலே போய்விட்டால் என்ன செய்வது?

“பரிதிகிட்ட மூச்சு விட்றாத. நேர்ல பேசி அசத்தணும்” என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் குளியலறையில் பழைய பாட்டு நின்றுபோய் பிரெஞ்சு ஓடியது. பாக்கெட் பால் போடுகிறவருக்கு நன்றிக்குப் பதில் ‘மெர்சி’ சொன்னார். அவர் மறுநாளிலிருந்து பாலை வாசலில் வைத்துவிட்டு நிற்காமல் போனார்.

“வெள்ளக்காரன் போயி எழுவது வருசமாவுது. இவரு ஒத்த ஆளா திரும்பக் கூட்டியாராரு” என்று தையல்நாயகி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மூன்று மாத முடிவில் பதினோரு வாக்கியம் தேறியது.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. “எல்லாம் முடிஞ்சிதுப்பா. சென்னையிலேர்ந்து கார் எடுத்துட்டோம். மூணு பேரா வர்றோம்” என்றான் இளம்பரிதி. ‘மூணு பேரா’ என்பதை இரண்டு தடவை சொன்னான்.

தையல்நாயகி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். கலியமூர்த்தி அதை இறக்கிவைத்தார். “அந்தப் புள்ளைக்கு இட்லி ஒத்துக்குமா?” என்று கேட்டுவிட்டு, பேக்கரிக்கு ஓடி ஒரு முழ நீளத்துக்கு ரொட்டியும் ஜாமும் வாங்கி வந்தார்.

பதினொரு மணிக்கு வாசலில் கார் நின்றது. இளம்பரிதி இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டான். பின்னாலேயே நிர்மலா இறங்கினாள். அவள் தோளில் குழந்தை முகம் புதைத்துக் கிடந்தது. கார் ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவால் தலையோடு போர்த்தியிருந்தாள். இரண்டு குட்டி ஷூக்கள் மட்டும் வெளியே தொங்கின.

கலியமூர்த்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதுகு தானாக நிமிர்ந்தது. எதிர்வீட்டு வாசலிலிருந்து சாமிக்கண்ணு தன் உதட்டைக் குவித்துக் காட்டினார்.

“போன்ழூர்” என்று வணக்கத்தில் ஆரம்பித்தார். நான் உன் தாத்தா என்றார், இது உன் வீடு என்றார், பசிக்கிறதா என்றார். எல்லாம் பிரெஞ்சில். ஐந்தாவது வாக்கியம் பாதியில் நின்றது, ஆறாவது மறந்துபோயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ‘போன்ழூர்’ என்று முதலிலிருந்து வந்தார்.

இளம்பரிதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நிர்மலா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துப்பட்டா அசைந்தது. அதற்குள்ளிருந்து தூக்கம் கலைந்த இரண்டு கண்கள் கலியமூர்த்தியை மேலும் கீழும் பார்த்தன. பிறகு பேத்தி நிர்மலாவின் காதில், தெருவுக்கே கேட்கும் ரகசியமாகக் கேட்டாள்.

“ஏம்மா, இந்தத் தாத்தாவுக்குத் தமிழ் தெரியாதா?”