கடலுப்பு

“செகண்ட் முள் ரெண்டு ரெண்டா தாவுது. கெட்டுப்போச்சா?”

கணவரின் டைவிங் வாட்ச்சை ரோஸ் ஹில் ஊர்க் கடிகாரக் கடையில் நீட்டினாள் கமலாட்சி.

“இல்ல மதாம். பேட்டரி தீரப்போகுதுன்னு அப்படித்தான் சொல்லும்.”

கடைக்காரர் ராமசந்திரன் பின்மூடியைத் திறந்தார். ரப்பர் வளையத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்ததைத் துணியால் துடைத்தார்.

“கடலுப்பு. இதைத் துடைக்காம விட்டா தண்ணி உள்ள போயிடும். உங்க வீட்டு முசியே கடலோரப் புது ஹோட்டல்ல டைவரா?”

“டைவரா? கோயில் குருக்கள். அபிஷேகத்துல நனைஞ்சு மூணு வாட்ச் போச்சுன்னு இதை வாங்கினார். அது உப்பில்லீங்க, பால். தைப்பூசத்துக்கு வந்த பால்குடமெல்லாம் அவர் கையாலதானே அபிஷேகம்.”

ராமசந்திரன் நிமிர்ந்தார்.

“என் குடமும் வந்துச்சு மதாம். மக பிழைச்சா எடுக்கறேன்னு வேண்டியிருந்தேன்.”

கடைக்குள்ளிருந்து மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் அந்த அழுக்குத் துணியைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.