தஞ்சாவூருக்கு ஒரே ஒரு இடம்

"இராமையா வீடு இதுதானே, பாப்பா?"

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்த வேலாயி திரும்பிப் பார்த்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் கறுப்புக் கோட்டும் கையில் ஃபைலுமாக ஒரு பெரியவர் நின்றார். மழைச் சேறு அவர் காற்சட்டையில் முழங்கால் வரை ஏறியிருந்தது.

"ஆமாங்க. அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போயிருக்காரு. அம்மா கொழுந்து எடுக்கப் போயிருக்காங்க. நீங்க யாருங்க?"

"கொழும்பிலிருந்து வர்றேன். உங்க குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கணும்."

வேலாயி சட்டென்று எழுந்து நின்றாள். வந்தேவிட்டார்!

விஷயம் இதுதான். சித்திரை லீவுக்கு மலைநாட்டுப் பிள்ளைகளை இந்தியாவுக்குக் கூட்டிப்போய்க் கோயில், கூத்து, கச்சேரி எல்லாம் காட்டப் போகிறார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் மதுரை, தஞ்சாவூர் என்று மூன்று வாரம் சுற்றலாம். இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு இடம். ஆசைப்படுவதோ எட்டுப் பேர்.

சீதாலெட்சுமி டீச்சர் ஒரு மாதமாக எட்டுப் பேரையும் பாடாய்ப் படுத்தி எடுத்துவிட்டார். ஒருத்திக்கும் செருப்புப் போட்டு நடந்து பழக்கமில்லை என்று தன் செருப்பையே கழற்றிக் கொடுத்து, முறை வைத்துப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடக்கவிட்டார். "கொழும்புல இருந்து ஒரு ஐயா வீட்டுக்கே வந்து விசாரிப்பாரு. முழிக்காம, மொகத்தப் பார்த்துப் பதில் சொல்லணும். அந்த மண்ணு மேல பாசம் இருக்கிற புள்ளையத்தான் எடுப்பாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

கங்காணி மகள் மனோரஞ்சிதம் புதுப் பெட்டியே வாங்கிவிட்டாள். வேலாயியிடம் இருப்பதோ வாய் ஒன்றுதான். அதை விட்டால் வேறு வழியில்லை என்று அவளுக்கே தெரியும்.

ஸ்டூலைப் பாவாடையால் துடைத்துப் போட்டாள். பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பெரியவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு ஃபைலைத் திறந்தார்.

"உங்க சொந்த ஊர் எது, பாப்பா?"

"திருச்சிப் பக்கம், துறையூருங்க!"

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் கந்தப்பளையில் இதே லயத்தின் ஏழாம் அறையான இந்தக் காம்பராவில்தான். அப்பா பிறந்ததும் இங்கேதான். அதையெல்லாம் சொன்னால் எவர் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போவார்?

"அங்கே யாராவது இருக்காங்களா?"

"பெரியப்பா, அத்தை, எல்லாரும் இருக்காங்க. சொந்த வீடு இருக்கு, நெலம் இருக்கு. ரெண்டு மாடுகூட இருக்குங்க."

பெரியப்பா என்று ஒருவர் இருந்தது உண்மை. அவரிடமிருந்து கடிதம் வந்து எட்டு வருஷமாகிறது. வீடும் நிலமும் பேச்சுவாக்கில் வந்தவை. மாடு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பாவம், பத்து வயதுப் பிள்ளை. கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்படி!

பெரியவர் பேனாவை நிறுத்தினார். "நல்லா யோசிச்சுச் சொல்லு, பாப்பா. எல்லாம் நிஜமா?"

பயந்து முழிக்கிறாளா என்று பார்க்கிறார் போலும். அவள் அசரவில்லை.

"சத்தியமாங்க."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார். "அப்பா என்ன சொல்வார்? கடைசி வரைக்கும் இங்கேயே இருக்கணும்னு சொல்வாரா, இல்லே அங்கே திரும்பிப் போயிடணும்னு சொல்வாரா?"

இந்தத் தோட்டத்தை விட்டு ஓரடி நகரமாட்டேன் என்று அப்பா நாளுக்கு நாலு தடவை சொல்வார். அந்தப் பேச்சு இங்கே எடுபடாது. பாசமில்லாத குடும்பம் என்று பெயரையே அடித்துவிடுவார்கள்.

"திரும்பிப் போகணும்னுதாங்க சொல்லுவாரு. இங்க பொழைக்கத்தானே வந்தோம்? எங்க நாடு அதுதானுங்க. அப்பா எந்நேரமும் அதே நெனப்பாத்தான் இருப்பாரு."

அவர் அதையும் எழுதி முடித்து ஃபைலை மூடினார். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"ஐயா, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனுங்களா?"

"இல்லை, பாப்பா" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "கேட்டதுக்கெல்லாம் தெளிவாத்தான் சொன்னே."

அப்பாடா! அவளுக்கு ஒரு குதி குதிக்க வேண்டும் போல் இருந்தது. மனோரஞ்சிதம் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குள் யாரோ சேதி சொல்லி, இராமையா கவ்வாத்துக் கத்தியோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். கத்தியைக் கீழே போட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார்.

"அப்பா, ஐயா கேட்ட எல்லாத்துக்கும் நானே பதில் சொல்லிட்டேன்!"

இராமையா கண்கலங்கக் கைகூப்பினார். "நாங்களும் இந்த நாட்டுப் பிரஜைங்கதான்னு பதிஞ்சு தரச்சொல்லி மனுப் போட்டு ஆறு வருசமாச்சுங்க, இன்னைக்காவது விசாரிக்க வந்தீங்களே! எம் மக பொய் பேசாது சாமி, அது சொன்னதையே அப்படியே எழுதிக்கங்க."